மாடி வழியாக வந்த காபி

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் கோலம்கூட இன்னும் அழியாத ஒரு தை மாதக் காலையில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. தெரு என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அது ஒரு முட்டுச்சந்து. உள்ளே வர ஒரே வழி, வெளியே போகவும் அதே வழி. சந்தின் கடைசி வீடு எங்களுடையது. என் கணவர் பட்டு நெய்கிறார். நான் முன்னறையில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறேன். வீட்டில் தறிச் சத்தம் அதிகமா, காபி வாசனை அதிகமா என்பதில் எங்கள் இருவருக்கும் இன்றுவரை வழக்கு தீரவில்லை.

காபி விற்கிறேன் என்பதற்காகக் காபிச் செடியைப் பார்த்திருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? நான் பார்த்ததில்லை. ஒரு தடவை கொல்லிமலைக் கோயிலுக்குப் போன இடத்தில்தான் காபிப் பழத்தையே முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் சிவப்புப் பழமும் பச்சைக் காயுமாகத் தார் ரோட்டிலேயே கொட்டிக் காயப்போட்டிருந்தார்கள். அதன் மேல் ஓர் ஆடு சாவகாசமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, இதத்தான் நாங்க காசு குடுத்து வாங்கிக் குடிச்சிக்கினு இருக்கோமா?" என்று கேட்டுவிட்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்த பெண் என்னையும் மிஞ்சிய வாயாடி. "காயாப் பறிச்சாலும் பழமாப் பறிச்சாலும் யாவாரி ஒரே வெலதானுங்க அக்கா குடுக்கறாரு. ஆடு நடந்துச்சுன்னு மட்டும் கொறைச்சுக்கவா போறாரு?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. அன்று மதியம் அவள் வீட்டில்தான் சாப்பிட்டேன். அதிலிருந்து அவள் எனக்கு மலைத் தங்கச்சி ஆனாள்.

அவளுக்கும் அவளைச் சுற்றியிருந்த நாலைந்து வீட்டுக்காரர்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் நிலம். பலா மரமும் சில்வர் ஓக் மரமும் நிழல் தர, மரத்தில் மிளகுக் கொடி ஏற, அடியில் காபிச் செடி. நல்ல காபிக்கு அந்த நிழல்தான் உயிர். ஆனால் அவளுடைய கொழுந்தன் மரங்களையெல்லாம் வெட்டிவிட்டு மரவள்ளிக் கிழங்கு போடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றான். கிழங்கு லாரிக்காரர்கள் வாசலுக்கே வந்து வாங்கிப் போவார்களாம். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு சென்னைப் பெண் சின்னதாகக் காபிக் கடை நடத்துகிறாள். கலப்படமில்லாத, ஒரே மலையில் விளைந்த காபியைத் தேடித் தேடி வாங்குபவள். அவளிடம் பேசினேன். பழுத்ததை மட்டும் பறித்து, களைக்கொல்லி அடிக்காமல், தோலுரித்துக் கழுவிப் பக்குவமாகக் காயவைத்துக் கொடுத்தால் வருடா வருடம் நல்ல விலைக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். ஒரு நிபந்தனை போட்டாள். பூசணம் பிடிக்கக் கூடாது, வேறு எந்த வாசனையும் ஏறக் கூடாது. காபிக்கொட்டை பக்கத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மலைத் தங்கச்சி ஐந்து வீட்டையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள். இந்த வருடத்துக் காபி தேறினால் மரங்கள் நிற்கும், தேறாவிட்டால் தை கழிந்ததும் ரம்பம் எடுப்பது என்று அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் ஒப்பந்தம்.

பழம் பழமாகப் பார்த்துப் பறித்தார்கள். கழுவினார்கள். காயப்போட்ட நேரம் பார்த்து மலையில் வானம் மூடிக்கொண்டது.

"நாலஞ்சு நாளா வெயிலே எட்டிப் பாக்கலீங்க அக்கா. பனி மூடிக்கிட்டு, தூத்தல் வேற. கொட்டை கசகசன்னு இருக்குது. வாசம் மாறுறாப்ல இருக்குதுங்க" என்று ஒரு சாயங்காலம் போன் வந்தது. எப்போதும் ஒரு கேலியில்லாமல் பேச்சை ஆரம்பிக்காதவள், அன்று செய்தி வாசிப்பது மாதிரிப் பேசினாள். "எல்லாத்தையும் வண்டியில ஏத்திக்கினு வந்துடும்மா. இங்க வெயில் கொளுத்துது. என் மாடியில காய வெச்சுக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தறியில் இருந்தபடியே என் கணவர் கேட்டார். "நம்ம மாடியில ரெண்டு கொடி துணி போட்டா மூணாவது கொடிக்கு எடம் கெடையாது. எங்கம்மா காய வெப்ப? என் தலை மேலயா?" அவருடைய தலையில் அதற்கு வசதியான வழுக்கை இருக்கிறதுதான்.

மறுநாள் காலை மினி லாரி வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. நான் ஓடினேன். ஓடி, பாதியிலேயே நின்றுவிட்டேன். தெருவில் பாவு நீட்டியிருந்தது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் ஏற்றப் போகிற பட்டு இழைகளை வெயில் ஏறுவதற்குள் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, நீவிக் காயவைப்பார்கள். அதுதான் பாவு. அது தெருவில் இருக்கும் நேரம் மாப்பிள்ளை ஊர்வலமே வந்தாலும் நின்றுதான் ஆக வேண்டும். கஞ்சி போட்ட பாவைப் பாதியில் தளர்த்தினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மொத்தமும் வீண். அன்று நீட்டியிருந்தது எதிர்வீட்டு அக்காவின் பாவு. கிளிப்பச்சை நிறம். சந்தின் இந்தப் பக்கச் சுவருக்கும் அந்தப் பக்கச் சுவருக்கும் நடுவில், ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று நீவிக்கொண்டிருக்க, ஒரு பூனை போகத்தான் இடம் இருந்தது.

லாரியில் இருபதுக்கும் மேல் மூட்டைகள். எல்லாம் சொட்டச் சொட்ட. தலையில் தூக்கிப் போகலாம் என்றால், அந்தக் கொழகொழத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டுமேல் விழுந்தாலும் கறைதான். மலைத் தங்கச்சி லாரியிலிருந்து இறங்கி ஒரு மூட்டைக்குள் கையை விட்டாள். எடுத்த கையை என் கன்னத்தில் வைத்தாள். சுட்டது. ஈரக்கொட்டை மூட்டைக்குள் அடைந்து கிடந்தால் அப்படித்தான் வேகும். "இன்னும் கொஞ்ச நேரம் போச்சுன்னா அவ்வளவுதானுங்க அக்கா" என்றாள்.

எதிர்வீட்டு அக்கா கஞ்சிக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவளும் ஒரு மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். தன் பாவைத் திரும்பிப் பார்த்தாள். "என்னாலயும் நிறுத்த முடியாதும்மா. உன்னாலயும் நிக்க முடியாது. நான் என்னா பண்ணுவேன்?" என்று அழாத குறையாகச் சொன்னாள். லாரி டிரைவர், மூட்டையை இங்கேயே இறக்கிவிட்டுப் போகிறேன் என்று முறுக்கிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. மழையைத் திட்டினேன்.

தெருமுனை வீடு ஜரிகைக்கடை பாயுடையது. அவர் வீட்டுக்கு மட்டும்தான் வெளியிலிருந்தே மாடிக்குப் படி உண்டு. அந்தப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே எங்கள் பஞ்சாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கிளாஸைக் கீழே வைத்தார். "தெருதான மூடிருக்குது? மாடி தொறந்துதான இருக்குது. அப்படியே மேல ஏத்துங்கப்பா" என்றார்.

எங்கள் தெருவில் வீடுகளெல்லாம் ஒட்டினாற்போல் இருக்கும். ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவில் இடுப்பு உயரக் கைப்பிடிச் சுவர் ஒன்றுதான். தினமும் பார்க்கிற சுவர்தான், எனக்கு ஏன் தோன்றவில்லை? பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் மூட்டையை அவரே பிடித்துத் தூக்கினார். டிரைவருக்கே வெட்கமாகிவிட்டது போலிருக்கிறது, அடுத்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார்.

பாவு வேலையில் இல்லாதவர்கள் எல்லோரும் மாடிக்கு ஏறிவிட்டார்கள். பாய் மாடியிலிருந்து அடுத்த மாடிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று மூட்டைகள் கைமாறிக் கைமாறி வந்தன. என் கணவர்கூட, "என் தலை தப்பிச்சுது" என்று சொல்லிக்கொண்டே எங்கள் மாடியில் கை நீட்டிக்கொண்டு தயாராக நின்றார். நின்றார், நின்றார், ஒரு மூட்டையும் வந்து சேரவில்லை. என்னவென்று பார்த்தால், மூன்றாவது மாடியில் ஒரு அம்மா, "ஏன் அவ்ளோ தூரம் தூக்கிக்கினு போறீங்க? எங்க மாடி சும்மாதான கெடக்குது" என்று இரண்டு மூட்டையைப் பிடித்துவைத்துக்கொண்டார். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர்களும் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள். கீழே பாவு நீவிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா அண்ணாந்து பார்த்து, "எம் மாடியிலயும் ஒண்ணு வெய்யுங்கப்பா. என்னாலதான இவ்ளோ தொல்லை" என்றாள். அவள் வீடு எதிர் வரிசை. அதற்கு மட்டும் ஒரு மூட்டையைக் கயிறு கட்டி, தார்ப்பாயில் சுற்றி, பாவு இல்லாத கோடியில் இந்த மாடியிலிருந்து அந்த மாடிக்கு இழுத்தோம். பாதியில் ஊஞ்சலாடியது அது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கடைசியில் எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு மூட்டை.

பழைய வேட்டி, நூல் புடவை, கயிற்றுக் கட்டில் என்று யார் வீட்டில் எது கிடைத்ததோ அதில் கொட்டைகளைப் பரப்பினோம். பாவு சுருட்டி முடிப்பதற்குள் தெரு முழுக்க மாடிகளில் காபி காய்ந்துகொண்டிருந்தது. மலைத் தங்கச்சி ஒரு மாடியின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எங்க மலையில இத்தன வெயில ஒண்ணா நான் பாத்ததில்லீங்க அக்கா" என்றாள். அப்போதுதான் அவளுக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது.

அதன் பிறகு ஒரு வாரத்துக்கும் மேல் எங்கள் தெரு தெருவாக இல்லை, திருவிழாவாக இருந்தது. மலைத் தங்கச்சி எங்கள் வீட்டில் தங்கி, காலையில் பாய் வீட்டுப் படியில் ஏறினால் சுவர் தாண்டித் தாண்டி மாடி மாடியாகக் கொட்டையைக் கிளறிவிட்டு, எங்கள் வீட்டு வழியாக இறங்குவாள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு வாய் ஏதாவது கொடுப்பார்கள். இட்லிக்கு இட்லி வித்தியாசம் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். வெயில் தாழ்ந்ததும் பனி படாமல் அவரவர் அள்ளி மூட்டை கட்டி வீட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். மூட்டை மாறாமலிருக்க, அந்தந்த வீட்டுத் தறியில் ஓடுகிற நூலையே வாயில் கட்டினார்கள். ஒரு மூட்டைக்கு மாம்பழ மஞ்சள், ஒன்றுக்கு அரக்கு. பாய் ஜரிகையே கட்டினார். எதிர்வீட்டு அக்கா அந்தக் கிளிப்பச்சையைக் கட்டினாள்.

நான் ஒரு கண்டிப்பான அதிகாரி ஆகிவிட்டேன். பக்கத்தில் மிளகாய் காயக் கூடாது, கருவாடு கூடாது, பூண்டு உரிக்கக் கூடாது, ஊதுவத்திகூடக் கொளுத்தக் கூடாது என்று வீடு வீடாகப் போய் மிரட்டினேன். பாய் மட்டும் தலையைச் சொறிந்தார். "வெள்ளிக்கிழமை எங்க வீட்ல பிரியாணியாச்சேம்மா" என்றார். அந்த வாரம் அவர் வீட்டில் கொல்லைப்புறத்தில் அடுப்பு வைத்து, நடுக்கதவைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்துப் பிரியாணி செய்தார்கள். எனக்கும் ஒரு தூக்கு வந்தது. அதை நானும் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

கொட்டை நன்றாகக் காய்ந்த பிறகு சென்னைப் பெண்ணுக்குச் சொல்லியனுப்பினோம். அவள் வந்த அன்று எங்கள் முன்னறையில் நிற்க இடமில்லை. ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, ஓடு நீக்கி, வறுத்து, பொடித்துத் தயாராக வைத்திருந்தோம். கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் அந்த மூட்டையின் நூலில் ஒரு துண்டு. பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. அந்தப் பெண் ஒரு கரண்டியில் எடுத்து, "ஸ்ர்ர்ர்" என்று தெருமுனை வரை கேட்கிற மாதிரி உறிஞ்சினாள். எதிர்வீட்டு அக்கா என் காதோரம், "ஏம்மா, இவ்ளோ படிச்ச பொண்ணு, அண்ணாந்து குடிக்கத் தெரியாதா?" என்றாள். அப்படி உறிஞ்சினால்தான் வாசனை முழுதாகத் தெரியுமாம் என்றேன். அக்கா நம்பவில்லை.

கொழுந்தனும் மலையிலிருந்து வந்து ஓரமாகக் கை கட்டி நின்றான். மலைத் தங்கச்சி சேலை முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அந்தப் பெண் ஒவ்வொரு கோப்பையாகத் தலையசைத்துக்கொண்டே வந்தாள். ஜரிகை வைத்த கோப்பை வந்ததும் எல்லோரும் பாயைப் பார்த்தோம். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இது ரொம்ப அருமையா இருக்கு ஆன்ட்டி. கமலா ஆரஞ்சுத் தோல் வாசனை வருது" என்றாள் அவள். "பிரியாணின்னு சொல்லலியே, அது போதும்மா" என்றார் பாய். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு.

பச்சை நூல் கோப்பையில் அந்தப் பெண் நின்றுவிட்டாள். கரண்டியை வெந்நீரில் அலசிவிட்டு மறுபடி எடுத்தாள். மறுபடியும் அலசினாள். "இதுல மட்டும் வேற வாசனை இருக்கு ஆன்ட்டி. புகை மாதிரி. கோயிலுக்குள்ள போனா வருமே, அந்த மாதிரி" என்றாள்.

எதிர்வீட்டு அக்காவின் முகம் சுண்டிப்போனது. "சாம்பிராணிம்மா. நாந்தான் போட்டேன்" என்றாள். "வெள்ளிக்கெழம தறிக்குக் காட்டிக்கினு இருந்தேன். மூட்டை பக்கத்துலயே இருந்துது. அதுவும் ஒருத்தரு பொழப்புதான. அதுக்குக் காட்டாம எப்படிப் போறதுன்னு, வாயத் தொறந்து நல்லாவே காட்டிட்டேன்."

ஊதுவத்தி வரைக்கும் தடை போட்ட எனக்குச் சாம்பிராணி தோன்றவே இல்லை. எங்கள் தெருவில் அது ஒரு வாசனையே கிடையாது, அது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையை யார் தடை செய்வார்கள்?

சென்னைப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். மற்ற எல்லா மூட்டைகளையும் எடுத்துக்கொள்கிறேன், அடுத்த வருடமும் எடுத்துக்கொள்கிறேன், இந்த ஒன்று மட்டும் முடியாது என்றாள். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். கொழுந்தன் கட்டியிருந்த கையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதற்குள் அக்கா எழுந்து போய்விட்டிருந்தாள். அவள் வீட்டில் அந்த நேரத்தில் தறிச் சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை. மழையிலிருந்து தப்பி வந்ததைத் தன் கையால் கெடுத்துவிட்டேன் என்று தறிக் குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

நான் ஆறுதல் சொல்லலாம் என்று போனால், எனக்கு முன்னால் மலைத் தங்கச்சி அங்கே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, எங்க ஊருல மொத வெள்ளாமைய சாமிக்கு வெச்சுப் படைச்சுட்டுத்தான் வெலைக்குக் குடுப்போமுங்க. எப்பவும் அப்படித்தான். இந்த வருசம் மழையில அடிச்சுப் புடிச்சு ஏத்திக்கிட்டு வந்ததுல மறந்தே போச்சு. இங்க வந்த பொறவு ஞாவகம் வந்து, தெனம் எனக்கு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல. நீங்க படைச்சுட்டீங்க. அப்பாடான்னு இருக்குதுங்க" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "சாமிக்குக் காட்டுனத எப்படிங்க விக்கறது? அது விக்கறதுக்கு இல்லீங்க" என்றாள்.

அவள் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கொழுந்தனும் வாசலில் நின்று, "ஆமாங்க, படைக்காம எங்க வீட்டுல ஒரு வருசமும் வித்ததில்லீங்க" என்று சொன்னான். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நெசமாவா சொல்ற?" என்று கேட்டாள். நாங்கள் திரும்பி எங்கள் வாசல் வருவதற்குள் பின்னால் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. என் வாழ்நாளில் தறிச் சத்தம் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது அன்றுதான். இதை என் கணவரிடம் இதுவரை சொல்லவில்லை, சொன்னால் வழக்கில் அவர் ஜெயித்துவிடுவார்.

அந்தப் பச்சை நூல் மூட்டையை நானே வறுத்து அரைத்து, வீட்டுக்கு வீடு கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் தொண்டையைக் கொஞ்சம் கமறத்தான் செய்தது. "திருநீறு பூசிக்கினுதான் குடிக்கணும்போல இருக்குது" என்றார் என் கணவர். ஆனாலும் ஒரு வீட்டிலும் ஒரு கரண்டிப் பொடி வீணாகவில்லை.

கொல்லிமலையில் அந்தப் பலா மரங்கள் இன்றும் நிற்கின்றன. கொழுந்தன்தான் இப்போது புதுச் செடி நடுகிறான். மழைக்கு நனையாமல் காயவைக்க அவர்களே கொட்டகை போட்டுவிட்டார்கள், இனி ஈர மூட்டை வர வேண்டிய அவசியமில்லை. ஆனால் தை பிறந்தால் முதல் மூட்டை ஒன்று எங்கள் தெருவுக்கு வந்துவிடுகிறது. அது விற்பதற்கு இல்லை. தெரு திறந்தே கிடந்தாலும் அதைப் பாய் வீட்டுப் படியேற்றி, மாடி மாடியாகக் கைமாற்றி, கயிறு கட்டி எதிர் மாடிக்கு இழுத்தால்தான் எங்கள் ஆட்களுக்குத் திருப்தி. அக்கா பச்சை நூலைக் கட்டி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டு முடித்த பிறகுதான் அது என் கடைக்கு வறுக்க வரும்.

அன்று தெருவில் பாவு நீட்டியிருக்காவிட்டால் அத்தனை மூட்டையும் நேராக என் ஒருத்தி மாடிக்கு வந்து, இடமில்லாமல் அடைந்து கிடந்து பூசணம் பிடித்திருக்கும். இப்போதெல்லாம் ஏதாவது காரியம் நடுவழியில் தட்டி நின்றால், யார் மேல் கோபப்படலாம் என்று தேடுவதற்கு முன்னால், எந்த மாடியிலாவது யாராவது கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்களா என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொள்கிறேன்.